அயல் வீட்டுக் கோழி

வாடகை உயர்வு, ரேஷன் அட்டை மாற்றம், பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு முதலிய விஷயங்களைப் பற்றி இப்பகுதியில் பலமுறை எழுதியிருக்கின்றோம். இத்திங்கள் கோழியைப் பற்றி எழுதப் போகின்றோம். அன்பர்கள் நகைக்க வேண்டா. நமது சங்கத்திற்கு வரும் பிராதுகளில், வீட்டுக்காரரைப் பற்றியவற்றிற்கு அடுத்தபடியாக மிகுந்திருப்பவை அயல் வீட்டுக் கோழியைப் பற்றியவையே. பிராது சிறியதாயிருக்கலாம்; அதனால் விளையும் பகை சிறியதன்று. பல்லாண்டு பேசிப் பழகிய இரு குடும்பங்கள் ஒரு கீரைப் பாத்தியின் பொருட்டு முகம் பாராமல் போவதை இச்சந்துகளில் நாம் கண்டிருக்கின்றோம்.

மட்டாஞ்சேரியை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஒரு வீட்டின் பின்கட்டே மற்றொரு வீட்டின் முற்றமாக இருக்கும் ஊர் இது. நடுவே இடுப்பளவுச் சுவர் இருந்தால் பாக்கியம். பல இடங்களில் ஒரு துருப்பிடித்த தகரமோ, பின்னிய தென்னங்கீற்றோதான் எல்லை. அவ்வெல்லையின் இருபுறமும் இருப்பவர்கள் ஒரே வகையினரும் அல்லர். 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயத்திலிருந்து புறப்பட்டு நடந்தால், சிறிது நேரத்திற்குள் கொங்கணியரையும், குஜராத்தியரையும், கச்சி மேமன்களையும், நம்மவரையும் கடந்து விடலாம். ஒருவர் புலால் தொடாதவர்; மற்றொருவருக்குக் கோழியின்றி விருந்தில்லை. குஜராத்தித் தெருவில் 1904-இல் கட்டப்பட்ட ஜைன ஆலயத்தில் நண்பகல் வேளையில் புறாக்களுக்குத் தானியம் இறைப்பதை வெளியூராரும் வந்து பார்க்கின்றனர். புறா எச்சமிட்டால் நாம் வானத்தை நோக்குகின்றோம். கோழி எச்சமிட்டால் அடுத்த வீட்டை நோக்குகின்றோம். புறாவிற்கு உடையவர் இல்லை, கோழிக்கு உண்டு என்பதே வேறுபாடு.

தமிழிலும் மலையாளத்திலும் 'கோழி' என்ற சொல் ஒன்றே. மொழி தெரியாமல் வந்திறங்கிய நம்மவர்க்குக் கடைத்தெருவில் பேரம் பேசத் தயக்கமுண்டு. கோழிச் சண்டையில் மட்டும் துபாஷி தேவைப்படுவதில்லை. சண்டையும் இன்று நேற்றையது அன்று. கொச்சியைப் போலவே துறைமுகப் பட்டினமாயிருந்த காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில் இக்கோழி வருகின்றது. முற்றத்தில் உலரப் போட்டதைக் கொத்த வந்த கோழியின் மேல் பெண்கள் தம் பொற்குழையைக் கழற்றி எறிகின்றார்கள். அக்குழை கிடந்து, சிறுவர் உருட்டி வரும் விளையாட்டுத் தேரின் வழியை மறிக்கின்றது. பட்டினத்தின் செல்வச் செழிப்பைக் காட்டவே புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதனைச் சொன்னார் என்பர். அது எவர் வீட்டுக் கோழி என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக் கோழியாகவே இருந்திருக்க வேண்டும் என்பது நம் ஊகம்; சொந்தக் கோழியின் மேல் எவர் பொன்னை எறிவர்? நம் வீட்டுப் பெண்டிரின் கைக்கு அகப்படுவதோ துடைப்பமும் செருப்புமே.

இனி விஷயத்திற்கு வருவோம். நம் சங்கத்து அன்பர் ஒருவர் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு எழுதுபவர். பதினோர் ஆண்டுகளாக இங்குக் குடியிருக்கின்றார். அவர் மனைவியார் கூழ்வடகமும் மோர்மிளகாயும் இட்டுக் கடைகளுக்குக் கொடுத்து வருகின்றார். இவ்வூரில் மழை விட்டு வெயில் காய்வது சில திங்கள்களே. அந்நாள்களில் வரும் அவ்வருவாய்தான் இரண்டு பிள்ளைகளின் பள்ளிச் செலவு. அடுத்த வீட்டில் கணவரை இழந்த ஓர் அம்மையார் இருக்கின்றார். அவருக்கு ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும் உண்டு. காலையில் கூடு திறந்தவுடன் பத்தும் தகரத்தின் மேலேறி இப்புறம் குதிக்கும். பாயில் விரித்த வடகத்தை மிதிக்கும், கொத்தும், எச்சமிடும். ஒரு முறை எச்சம் பட்டால் அந்தப் பாய் முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். விற்பனைக்குச் செய்யும் பண்டத்தில் வேறு வழி கிடையாது. அன்பர் முதலில் பொறுத்தார், பிறகு சொன்னார், பிறகு சத்தமிட்டார். "கோழிக்கு மதில் அறியுமோ, அண்ணா?" என்று அம்மையார் கேட்டாராம். இந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமையால் அன்பர் நம்மிடம் வந்தார். கார்ப்பரேஷனுக்கும் போலீஸுக்கும் ஆளுக்கொன்றாக இரண்டு விண்ணப்பங்கள் சங்கத்தின் பெயரால் எழுதித் தரவேண்டும் என்றார். ரயில்வே குமாஸ்தா என்றால் விண்ணப்பம் எழுதவே பிறந்தவர் என்பது நம்மவர் எண்ணம்.

எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டோம். வீட்டுக்காரர் யார்? அம்மையாரின் தமையனார். ஒப்பந்தம் எவ்வளவு காலத்திற்கு? பதினொரு திங்களுக்கு, வரும் மே மாதத்தோடு முடிகின்றது. அன்பர் சற்று நேரம் பேசாதிருந்தார். ஜூன் மாதம் பள்ளி திறக்கையில் பெட்டி படுக்கையோடு வேறு வீடு தேடி அலைவது என்றால் என்னவென்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்க்கு வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும் அன்று. அந்தத் தெருவின் நல்லெண்ணமும் சேர்ந்ததே வீடு. நள்ளிரவில் குழந்தைக்கு ஜுரம் கண்டால் ஆட்டோ பிடித்துத் தருபவர், தேசத்திலிருக்கும் உறவினர் அல்லர். தகரத்திற்கு அப்பாலிருக்கும் அந்த அம்மையாரே.

அவருடைய நிலையையும் எண்ண வேண்டும். நாட்டுக்கோழி முட்டைக்கு இங்கே நல்ல கிராக்கி உண்டு. கோழி விற்ற காசும் முட்டை விற்ற காசும் தொன்றுதொட்டுப் பெண்களின் காசு. நம் ஊரில் அதனைச் சிறுவாடு என்போம். அக்காசிற்கு ஆண்கள் கணக்குக் கேட்பதில்லை. 2019-ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவிலிருந்த ஏறத்தாழ 85 கோடிக் கோழி வாத்து முதலியவற்றில் சுமார் 31 கோடியே 70 இலட்சம் வீட்டுப் புறக்கடையில் வளர்பவை. பண்ணையில் வளர்பவை அல்ல. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைக் காட்டிலும் இவ்வகை ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்தாறு பங்கு பெருகியிருந்தது. ஆகவே இப்பிராது இனிக் குறையும் என்று எவரும் எண்ண வேண்டா. ஒருபுறம் வடகம், மறுபுறம் முட்டை. இரண்டும் ஏழைப் பெண்களின் சம்பாத்தியம். ஒன்றின் வயிற்றில் அடித்து மற்றொன்றை வாழ வைக்க நமக்கு மனம் வரவில்லை.

நிற்க. சட்டம் என்ன சொல்கின்றது என்று அன்பர் விடாமல் கேட்டார். பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கும் வழக்கத்தை எல்லோரும் அறிவர். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் 'கால்நடை' என்பதற்குள் எவை எவை அடங்கும் என்று ஒரு பட்டியல் தருகின்றது. யானை இருக்கின்றது, ஒட்டகம் இருக்கின்றது, எருமை, குதிரை, கோவேறு கழுதை, கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடு எல்லாம் இருக்கின்றன. கோழி மட்டும் இல்லை! மட்டாஞ்சேரிச் சந்தில் ஒட்டகம் புகுந்து வடகத்தை மிதித்தால் அச்சட்டம் அதனை மறந்து விடவில்லை. கோழியை மறந்து விட்டது. இங்கிலாந்தில் அவ்வாறன்று. அங்கே 1971-ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் கோழியையும் சேர்த்துக்கொண்டு, அயலார் நிலத்தில் அது செய்த சேதத்திற்கு உடையவரைப் பொறுப்பாக்குகின்றது. நம் நாட்டிலும் சேதத்திற்கு ஈடு கேட்டுச் சிவில் நீதிமன்றம் செல்வதற்குத் தடையில்லை. ஆனால் ஒரு பாய் வடகத்தின் விலை வக்கீலின் ஆட்டோச் செலவிற்குக் காணுமா என்பதைக் கணக்கெழுதும் அன்பரே சொல்லட்டும்.

மற்றொன்றையும் அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். வெகுண்டவர்கள் சிலர் 'ஒரு பிடி அரிசியில் மருந்தைக் கலந்து வைத்தால் ஒரே நாளில் தீர்ந்தது' என்று பேசுவதைக் கேட்டிருக்கின்றோம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு, தீங்கு செய்யும் கருத்தோடு ஒரு பிராணியைக் கொல்வதையோ, நஞ்சிடுவதையோ, ஊனப்படுத்துவதையோ ஐந்தாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றமாக்கியிருக்கின்றது. முன்பிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிராணியின் விலை பத்து ரூபாயா ஐம்பது ரூபாயா என்ற கணக்கு இருந்தது. இப்பொழுது அக்கணக்கும் இல்லை. அன்றியும், நஞ்சிட்ட அரிசியைக் கோழி மட்டுமே தின்னும் என்பதற்கு யார் ஜாமீன்? தவழும் குழந்தைகள் உள்ள முற்றங்கள் இவை.

அதிகாரிகளிடம் சென்று பயன் பெற்றவரே இல்லையோ எனின், உண்டு. பத்தனந்திட்டை மாவட்டத்தில் அடூரை அடுத்த பள்ளிக்கல் என்னும் ஊரில் முதியவர் ஒருவர், அடுத்த வீட்டுச் சேவல் நாள்தோறும் அதிகாலை மூன்று மணிக்கே கூவி உறக்கத்தைக் கெடுக்கின்றது என்று அடூர் ரெவின்யூ டிவிஷனல் ஆபீசரிடம் முறையிட்டார். அதிகாரி இரு தரப்பாரையும் விசாரித்தார். இடத்தைப் பார்வையிடச் செய்தார். கோழிக்கூடு அடுத்த வீட்டின் மேல்மாடியில் இருப்பது தெரிந்தது. அதனை 14 நாள்களுக்குள் மனையின் தென்புறத்திற்கு மாற்ற வேண்டும் என்று 2025 பிப்ரவரியில் உத்தரவாயிற்று. பத்திரிகைகள் இதனை வேடிக்கைச் செய்தியாகப் போட்டன. நமக்கு இதில் வேடிக்கை தோன்றவில்லை. நோயாளியான முதியவர்க்கு உறக்கம் பெரிய விஷயம். ஆயினும் அவ்வுத்தரவைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சேவலைக் கொல்லச் சொல்லவில்லை, விற்கச் சொல்லவில்லை. கூட்டின் இடத்தை மாற்றச் சொன்னது, அவ்வளவே. இரு வீட்டாரும் ஒரு மாலை வேளையில் உட்கார்ந்து பேசியிருந்தால் வந்திருக்கக்கூடிய முடிவுதான் அது.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வாறே. பிரான்சில் ஒலெரோன் என்னும் தீவில் மோரிஸ் என்ற சேவல் இருந்தது. விடுமுறையைக் கழிக்க அங்கு வீடு வாங்கியிருந்த தம்பதிகள் அதன் கூவல் மேல் வழக்குத் தொடர்ந்தனர். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் சேவலின் பக்கம் தீர்ப்பளித்ததோடு, வழக்குத் தொடர்ந்தவர்களே ஆயிரம் யூரோ கொடுக்க வேண்டும் என்றது. பின்னர் 2021 ஜனவரியில் கிராமப்புறத்தின் ஓசைகளையும் மணங்களையும் நாட்டின் மரபுச் சொத்தாக மதிக்கும் சட்டமே அந்நாட்டில் வந்துவிட்டது. பாவம், மோரிஸ் அதனைக் காண இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டது. இதற்கு நேர்மாறான கதை நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் நடந்தது. சின் மிங் அவென்யூ என்னும் குடியிருப்பைச் சுற்றித் திரிந்த கோழிகளின் சத்தத்தைப் பற்றிச் சிலர் முறையிட்டதன் மேல், அதிகாரிகள் 24 கோழிகளைப் பிடித்துக் கொன்றுவிட்டனர். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இச்செய்தி வெளிவந்தவுடன், முறையிடாதவர்கள் எல்லோரும் எழுந்து அதிகாரிகளைக் கேள்வி கேட்டனர். பாராளுமன்றத்திலும் விவாதம் வந்தது. கோழி இருந்தபொழுது ஒரு சாராருக்கு வருத்தம். இறந்தபின் மற்றொரு சாராருக்கு.

சேவல் ஏன் விடியுமுன் கூவுகின்றது என்பதையும் சொல்லிவிடுவோம். வெளிச்சத்தைக் கண்டு கூவுகின்றது என்றே நாம் எண்ணியிருந்தோம். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கின்றது. சேவலின் உடலுக்குள்ளேயே ஒரு கடிகாரம் இருக்கின்றது. மங்கிய ஒளியிலேயே அடைத்து வைத்தாலும் அது விடியற்காலத்தை முன்கூட்டியே அறிந்து கூவுகின்றது. பல சேவல்கள் ஓரிடத்தில் இருந்தால் அவற்றுள் தலைமைச் சேவலே முதலில் கூவும். மற்றவை அதன் பின்னரே. நம் உத்தியோகத்திலும் இம்முறையே என்பதை நண்பர்கள் அறிவர். ஆகையால் கூட்டைச் சாக்கிட்டு மூடினால் சத்தம் சற்றுக் குறையலாம், கூவாதிராது. சேவலைக் கொடியில் வைத்துக் கும்பிடுகின்ற நாம் இதற்கு மேல் அதனைக் குறை சொல்லுவதற்கில்லை. ஒன்று மட்டும் பலர் அறியாதது: பெட்டை முட்டையிடுவதற்குச் சேவல் தேவையே இல்லை. குஞ்சு வேண்டுமானால்தான் தேவை. முட்டைக்காக மட்டும் வளர்ப்போர் நெருக்கமான சந்தில் சேவல் வைத்துக்கொள்ளாதிருப்பது நலம்.

விண்ணப்பம் எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் அன்பரும் நாமும் அவர் வீட்டுப் பின்கட்டில் நின்று, கோழிகள் எங்கே வருகின்றன, எங்கே செல்கின்றன என்று பார்த்தோம். தகரத்திலிருந்து குதித்த கோழிகள் நேரே பாய்க்குச் செல்லவில்லை. அன்பர் வீட்டுச் சமையலறையின் கழுநீர் விழும் குழிக்குத்தான் சென்றன. அரிசி களைந்த நீரோடு நொய்யும், மாவு ஆட்டிய கல்லைக் கழுவிய நீரும், வடித்த சோற்றின் பருக்கையும் அங்கே தேங்கிக் கிடந்தன. அதன் ஈரமண்ணில் புழுவும் நிறைய. கோழி வடகத்திற்கு வரவில்லை. கழுநீர்க் குழிக்கு வந்து வடகத்தைக் கண்டது. முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ நூறு முதல் நூற்றிருபது கிராம் தீனி வேண்டும். பத்துக் கோழிக்கு ஒரு கிலோவிற்கு மேல் ஆகின்றது. அம்மையாரால் அவ்வளவு வாங்கிப் போட இயலாது. ஆகவே அவை ஊரில் பொறுக்கித் தின்கின்றன. இதில் இரகசியம் ஒன்றுமில்லை.

அன்பர் வாசற்படியில் நிற்க, அவர் மனைவியார்தான் தகரத்தருகே சென்று, "இத்தா, ஒரு காரியம் பேசணும்" என்று அழைத்தார். ஆண்கள் பேசியிருந்தால் முன்பு இட்ட சத்தம் நினைவிற்கு வந்திருக்கும். பெண்கள் இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். அதில் கோழியைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடம் இருக்கலாம். கழுநீர்க் குழியைப் பலகையிட்டு மூடுவது என்றும், நொய்யையும் பருக்கையையும் ஒரு வாளியில் சேர்த்து மாலையில் அடுத்த வீட்டிற்குக் கொடுப்பது என்றும் அன்பர் வீட்டார் ஒப்புக்கொண்டனர். வடகம் காயும் நாள்களில் கோழிகளை மூன்று மணிக்கு மேல்தான் திறப்பது என்று அம்மையார் ஒப்புக்கொண்டார். இதில் அவருக்கும் இலாபமுண்டு. பெட்டைகள் பெரும்பாலும் முற்பகலிலேயே முட்டையிடுகின்றன. அதுவரை அடைபட்டிருந்தால் முட்டை கூட்டிலேயே கிடைக்கும். பிறர் வீட்டு விறகுக்கடியில் தேட வேண்டுவதில்லை. மாலையில் திறந்துவிட்டால் பொழுது சாய்வதற்குள் கோழி வெகுதூரம் செல்லாது. இருட்டில் அதற்குக் கண் தெரியாது. ஆகையால் தானே அடைய வந்துவிடும். அவ்வேளையில் கூட்டருகே வாளியிலுள்ளதைக் கொட்டினால், எது தன் வீடு என்பதைக் கோழி மறக்காது.

எல்லாம் ஒப்பேறிவிடவில்லை. ஒருபக்கச் சிறகின் நீண்ட இறகுகளை மட்டும் கத்தரித்துவிட்டால் கோழியால் நிலைகொண்டு பறக்க இயலாது. அதற்கு வலியும் இல்லை. இறகு உதிர்ந்து முளைக்கும்பொழுது மீண்டும் வளர்ந்துவிடும். நாம் இதனைச் சொன்னவுடன் அம்மையார் மறுத்துவிட்டார். "நாய் வந்தால் பின்னே எங்ஙனே ரக்ஷப்படும்?" என்று கேட்டார். தெருநாய்களைக் கண்டிருக்கும் எவரும் அதற்கு எதிர்வாதம் செய்ய மாட்டார். பஞ்சாரத்தின் கீழ் அடைத்து வைக்கலாமே என்றதற்கு, பத்துக் கோழிக்குப் பஞ்சாரம் எங்கே கிடைக்கும் என்றார். அதுவும் நியாயம். ஆகவே இப்புறத்தில் செய்ய வேண்டியதைச் செய்தோம். மீன்பிடிப்பவர்கள் கழித்துப் போட்ட பழைய வலையை நான்கு கழி நட்டுப் பாயின் மேல் இழுத்துக் கட்டினோம். வெயிலையும் காற்றையும் அது தடுப்பதில்லை, காக்கையும் அணில்களும்கூட ஒதுங்கின. கறிவேப்பிலைக் கன்றைச் சுற்றிக் கம்பி வலைத் துண்டுகளை மண்ணின் மேல் படுக்கையாகப் பரப்பி, மேலே சிறிது மண்ணிட்டோம். கோழி காலால் கிளறும்பொழுது விரல் கம்பியில் தட்டும். இரண்டு நாளில் அவ்விடத்தை விட்டுவிடும். செலவு ஒன்றுமில்லை என்றே சொல்லலாம்.

இடையே ஒரு முட்டை வழக்கும் வந்தது. ஒரு பெட்டை பல நாள்களாக அன்பர் வீட்டு மாடிப்படியின் கீழே சாக்கில் முட்டையிட்டு வந்திருக்கின்றது. நம் இடத்தில் இட்ட முட்டை நமக்குத்தானே என்று அன்பரின் மூத்த மகன் கேட்டான். பையன் வக்கீலாக வருவான் போலும். ஆனால் வளர்ப்புப் பிராணியின் பலன் அதனை உடையவர்க்கே உரியது என்பது பழைய நியாயம். நம் மாமரக் கிளையில் அயலார் பசுவைக் கட்டினால் பால் நமக்காகி விடுமா? முட்டைகளைக் கொடுத்தனுப்பச் சொன்னோம். ஏழில் மூன்று கெட்டுப்போயிருந்தன. அதுபோலவே, வேலி தாண்டி வந்த கோழியைத் துரத்தலாம். பிடித்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்று சொல்லலாகாது. நாம் வேலை பார்க்கும் பார்சல் பகுதியில் கோழி பயணம் செய்ய வேண்டுமானால் கூடைக்குச் சீட்டு வேண்டும். சந்தில் திரிவதற்குச் சீட்டில்லை என்பதனால் அதற்கு உடையவர் இல்லை என்று ஆகிவிடாது.

இவ்வளவும் சமாதான காலத்துப் பேச்சு. சமாதானம் பேச இடமில்லாத சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. அதுதான் பறவைக் காய்ச்சல். நமக்குத் தெற்கே குட்டநாட்டில் 2014 நவம்பரில் வாத்துகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததை அன்பர்கள் நினைவு கூர்வார்கள். பிறகு 2016-இலும், 2021 ஜனவரியிலும் கேரளத்தில் அந்நோய் தலைகாட்டிற்று. 2024 ஏப்ரலில் ஆலப்புழை மாவட்டத்து எடத்துவாவிலும் செறுதனையிலும் தொடங்கிய எச்5என்1 நோய் அண்டைய மாவட்டங்களுக்கும் பரவியது. காக்கைகளிடமும் அந்நோய் காணப்பட்டது. காக்கைக்குச் சுவரேது? நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்திலுள்ள வளர்ப்புப் பறவைகளை எல்லாம் அழிப்பதே அரசின் முறை. 2021-இல் இரண்டு திங்களுக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், குறைந்ததற்கு 100 ரூபாயும் ஈடாகத் தரப்பட்டன. மட்டாஞ்சேரியில் ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் எத்தனை அடுப்படிகள் அதற்குள் விழும் என்று எண்ணிப் பாருங்கள். எவர் வீட்டுக் கோழிக்கு நோய் என்ற கேள்வியே அப்பொழுது இராது. எல்லோர் கோழியும் போய்விடும்.

ஆகையால் அடுத்த வீட்டுக் கோழி நம் முற்றத்தில் இறந்து கிடந்தால், அது தொலைந்தது என்று தூக்கிக் கால்வாயில் எறிய வேண்டா. கையால் தொடவும் வேண்டா. ஒன்று மட்டும் இறந்திருந்தால் பாம்பாகவோ பூனையாகவோ இருக்கலாம். இரண்டு மூன்றாக, காரணமின்றி, அடுத்தடுத்துச் சாவதைக் கண்டால் அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு உடனே சொல்ல வேண்டும். இதில் அயலாரைக் காட்டிக்கொடுக்கின்றோமோ என்ற தயக்கம் கூடாது; அவரிடம் சொல்லிவிட்டே சொல்லலாம். நோய் இல்லாத நாள்களிலும் கோழி எச்சத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருப்பதுண்டு. முற்றத்தில் விளையாடிய பிள்ளைகள் கை கழுவாமல் பலகாரத்தைத் தொடலாகாது; பாத்தியில் பறித்த கீரையை நன்றாக அலச வேண்டும். எச்சத்தைப் பச்சையாகச் செடிக்கு இட்டால் அதன் வேகத்தில் வேர் கருகிவிடும். குப்பையோடு சேர்த்துச் சில திங்கள் மக்க வைத்தால் அதனினும் நல்ல எரு கிடையாது.

இதுவரை நம்மவரெல்லாம் வடகக்காரர், அயலாரே கோழிக்காரர் என்பது போல எழுதிவிட்டோம். உண்மை அவ்வாறன்று. நம் குடும்பங்களிலும் கோழி வளர்ப்போர் பலர். கொங்கணியரான அண்டை வீட்டார் துளசிமாடத்தைத் துடைத்துக் கோலமிட்ட ஐந்து நிமிடத்தில் அங்கே நம்மவர் சேவல் ஏறி நின்றதை நாம் கண்டதுண்டு. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் நீர் தெளித்தார்கள். சொல்லாதிருப்பவர்க்கு வருத்தமில்லை என்று கொள்ளலாகாது. கோழி வளர்க்கும் நம் சகோதரிகள் அவ்வீடுகளுக்குச் சென்று, காலையில் எத்தனை மணி வரை அடைத்து வைத்தால் உங்களுக்கு உதவியாயிருக்கும் என்று தாமே கேட்டுவிடலாம். கேட்டால் பெரும்பாலும் சிறிய நேரமாகவே சொல்வார்கள்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. ஆங்கிலத்தில் இதற்கு ராணிக்கெட் என்று பெயர் வந்தது, 1927-இல் அவ்வூரில் முதலில் கண்டமையால். ஒரு வீட்டுக் கோழிக்கு மட்டும் போட்டுப் பயனில்லை, சந்திலுள்ள எல்லாக் கோழிகளுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். இதற்காவது இரு வீட்டாரும் சேர்ந்து மருத்துவமனைக்குச் செல்லலாம். இடவப்பாதி மழை தொடங்குமுன் கூட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வூரில் மழையோடு கடலேற்றமும் சேர்ந்துகொண்டால் முற்றத்தில் நீர் நிற்கும். தரையில் வைத்த கூடு நனைந்தவுடன் கோழிகள் உலர்ந்த திண்ணை தேடி அயல் வீட்டிற்கே செல்லும். எத்தனை ஒப்பந்தம் பேசியிருந்தாலும் அந்நாளில் அவை கேட்கமாட்டா. கூட்டிற்கு முழங்கால் உயரத்திற்குக் கால் வைத்து, மேலே ஒரு தகரத்தைச் சாய்வாகப் போட்டு, சாய்வை நம் பக்கமே இறங்குமாறு அமைக்க வேண்டும். அடுத்த வீட்டுச் சுவரில் நீர் வடிந்தால் அது வேறொரு பிராதாகிவிடும்.